கீரைக்கு ஒரு பாத்தி, வாசனைக்கு ஒரு சட்டி



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் புக்கிட் பெலிம்பிங் பக்கத்திலிருந்தும் கோல சிலாங்கூர் வட்டாரத்து மற்றத் தோட்டங்களிலிருந்தும் கேமரன் மலைக்கு வேன் கிளம்பிவிடுகிறது. முன்பெல்லாம் திரும்பி வரும்போது கையில் தேயிலைப் பொட்டலமும் சோளக்கதிரும் இருக்கும். இப்போது இரண்டு புது சாமான் சேர்ந்திருக்கிறது. ஒன்று ஊதாப்பூ பூக்கும் லாவண்டர் சட்டி. மற்றது சிவப்பும் மஞ்சளுமாகத் தண்டு விடுகிற சார்ட் கீரை விதை.

மருந்து வாங்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "ஐயா, இந்தக் கீரையைத் தின்னா ரத்தம் ஊறுமாமே? அந்தப் பூச்செடியை வாசல்ல வச்சா கொசு வராதாமே? வீட்டுக்குப் பின்னால இருக்கிறதே ஒரு துண்டு நிலம், அதுல எதை நடுறது?"

நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலம் கீரைக்கு. லாவண்டருக்கு ஒரு சட்டி போதும், அதுவும் ஆசைக்குத்தான். கொசுவை அது விரட்டாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். இரண்டு செடியின் பிறப்பையும் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் தானாகவே விளங்கிவிடும்.

இரண்டுமே மத்தியதரைக் கடல் நாடுகளைச் சேர்ந்தவை. சார்ட்டைச் சிலர் சுவிஸ் கீரை என்கிறார்கள். அதன் பிறப்புக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சம்பந்தமில்லை. கடற்கரை ஓரத்தில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு காட்டுச் செடிதான் அதன் பாட்டன். அதே பாட்டன் வழியில் வந்தது நாம் சமைக்கிற பீட்ரூட். கிழங்குக்காகப் பொறுக்கி வளர்த்தது பீட்ரூட் ஆயிற்று. இலைக்காகவும் தண்டுக்காகவும் வளர்த்தது சார்ட் ஆயிற்று. இன்னும் ஒரு சங்கதி. இந்தியச் சாமான் கடைகளில் பாலக்கீரை என்று விதை விற்கிறார்களே, அதுவும் இதே இனம்தான். இந்தியச் சூட்டுக்குப் பழகிப்போன சார்ட் என்றே அதைச் சொல்லலாம். நம் தண்டுக்கீரையும், மலாய்க்காரர் பாயாம் என்கிறார்களே அதுவும், இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஒரே தாவரக் குடும்பம்.

லாவண்டரோ அதே கடல் நாடுகளில், கரையை விட்டு உள்ளே, கல்லும் சுண்ணாம்பும் நிறைந்த வறண்ட மலைச்சரிவில் பிறந்தது. கோடையில் அங்கே மழை கிடையாது. சுள்ளென்ற வெயில், வேரில் தண்ணீர் தங்காத மண், இரவில் குளிர். இதற்கும் நம்மிடையே சொந்தக்காரர்கள் உண்டு. துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் லாவண்டரின் குடும்பம்தான். கிள்ளினால் கையில் மணக்கிற எண்ணெய் இந்தக் குடும்பத்தின் அடையாளம்.

ஆக, ஒன்று தண்ணீரும் எருவும் கேட்கிற செடி. மற்றது அவை இரண்டும் அதிகமானால் செத்துப்போகிற செடி. ஒரே பாத்தியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டு ஒரே வாளித் தண்ணீரை ஊற்றினால் ஒன்று வாடும் அல்லது மற்றது அழுகும். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

நம் இடம் எப்படி? பெயரில் 'புக்கிட்' இருந்தாலும் நாம் இருப்பது கடலோரத்துத் தாழ்ந்த பூமி. பகலில் 32, 33 டிகிரி, இரவிலும் 23, 24க்குக் கீழே இறங்குவது அபூர்வம். கேமரன் மலையில் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாம் ஏறக்குறைய 1,100 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் உயரம். பகலில் 25 டிகிரியைத் தாண்டுவது குறைவு, இரவில் 15, 16க்கு வந்துவிடும். திரிங்காப்பில் லாவண்டர் தோட்டம் போட்டுக் காசு வாங்கிக் காட்டுகிறார்கள் என்றால் அந்தக் குளிர் அங்கே சும்மா கிடைக்கிறது. அதை வேனில் ஏற்றிக் கொண்டுவர முடியாதே!

மண்ணும் அப்படித்தான். கடலுக்குக் கிட்ட இருக்கிற தோட்டங்களில் களிமண்; மழை பெய்தால் நீர் நிற்கும், வெயில் அடித்தால் கட்டியாகும். உள்ளே தள்ளிப் போனால் தானா கம்புட் என்கிற கறுப்பு மண். பார்ப்பதற்கு நல்ல எருப்போல இருக்கும், ஆனால் புளித்த மண். செம்பனை அதில் வளர்கிறதே என்று கேட்கலாம். செம்பனைக்குக் கால்வாய் வெட்டி, சத்துக் கொடுத்து, ஆண்டு முழுக்கக் கவனிப்பதற்கு ஒரு நிர்வாகமே இருக்கிறது. நம் கீரைக்கு நாம்தான் நிர்வாகம்.

இனி சார்ட் போடும் முறை. தரையை விட ஒரு சாண் உயரமாகப் பாத்தி கட்டுங்கள். நீர் வடிய வழி வேண்டும். கறுப்பு மண்ணாக இருந்தால் விதைப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி சுண்ணாம்புத் தூள் கலந்து கிளறிவிடுங்கள்; புளிப்பு குறையும். மக்கிய ஆட்டு எருவோ மாட்டு எருவோ தாராளமாகச் சேர்க்கலாம். பச்சைச் சாணம் வேண்டாம். மக்கிப்போன செம்பனை வெறுங்குலை கிடைத்தால் மேலே மூடாக்காகப் போடலாம், மண் சூடாகாது. தோட்டத்து உர மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்து போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது பனைக்குக் கணக்குப் பார்த்துக் கலந்த உரம், கீரையைக் கருக்கிவிடும். கிராணியிடம் பதில் சொல்ல வேண்டிய தொல்லை தனி.

சார்ட் விதை என்று நாம் பார்ப்பது ஒரு விதையல்ல, இரண்டு மூன்று விதை ஒட்டிய சொரசொரப்பான கொத்து. இரவு தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் அரை விரல் ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முளை வரும். மனசு கேட்காமல் எல்லாவற்றையும் விட்டுவைக்காதீர்கள். நல்லதாக ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிக் கீரையோடு சமைத்துவிடுங்கள். செடிக்குச் செடி ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். 50, 60 நாளில் வெளிப்பக்கத்து இலையை மட்டும் ஒடித்தெடுக்கலாம். நடுக்குருத்தை விட்டால் செடி மறுபடியும் இலை விடும். தண்டுக்கீரையைப்போல வேரோடு பிடுங்கத் தேவையில்லை என்பது இதில் ஒரு லாபம்.

ஆனால் நம் பகலின் சூடு இதற்கு ஒத்துவராது. 15லிருந்து 25 டிகிரிதான் அதற்குச் சுகம். ஆகவே காலை வெயில் விழுந்து, மத்தியானத்துக்கு மேல் நிழல் வருகிற இடமாகப் பாருங்கள். வீட்டின் கிழக்குப் பக்கம், அல்லது முருங்கை மரத்தடி. மழைக்காலத்தில் இலையில் வட்டவட்டமாகப் புள்ளி விழும். அந்த இலையைக் கிள்ளித் தூரப் போடுங்கள். மேலே தெளித்து நனைக்காமல் வேரடியில் தண்ணீர் விட்டால் புள்ளி குறையும். இவ்வளவும் செய்தும் சார்ட் வரவில்லையா? கவலைப்படாதீர்கள். பாலக்கீரை விதையில் 'ஆல் கிரீன்' என்றொரு வகை டில்லியில் உள்ள விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில் உண்டாக்கியது. அது நம் சூட்டைச் சார்ட்டைவிட நன்றாகத் தாங்கும். தண்டுக்கீரைக்கோ சொல்லவே வேண்டாம், தூவிவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் சட்டியில் இருக்கும்.

சத்தில் எது மேல் என்று கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 100 கிராம் பச்சைச் சார்ட்டில் ஏறக்குறைய 1.8 மில்லிகிராம் இரும்புச்சத்து, 50 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து, 30 மில்லிகிராம் வைட்டமின் சி. நம் தண்டுக்கீரையின் இலையில் இரும்பு 2.3, சுண்ணாம்புச்சத்து 215, வைட்டமின் சி 43 மில்லிகிராம். மலையிலிருந்து விலை கொடுத்து வாங்கிவந்த விதையைவிட நாம் மதிக்காமல் விட்ட கீரை எதிலும் தாழ்ந்ததல்ல. இதைச் சொல்லும்போது சிலர் முகம் வாடிவிடுகிறது. சார்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் அந்த நிறத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள் என்றால் அதுவே பெரிய உபகாரம்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் போதுமான அளவு காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்றும் தெரிந்தது. விடியற்காலையில் ஒரு ரொட்டித் துண்டும் தே-ஓவுமாகப் பெரட்டுக்கு ஓடி, வெயிலில் உதிரிப் பழம் பொறுக்கி, மத்தியானம் சோறும் குழம்பும் மட்டும் சாப்பிடுகிற நம் தாய்மார்கள் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"வேலைக்குப் போனா மூச்சு வாங்குது, தல சுத்துது, வயசாயிடுச்சு போல" என்று 30 வயதுத் தங்கச்சி சொல்கிறாள். கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கிறது. சிலருக்குப் பச்சரிசி, சாம்பல், மண் இவற்றைத் தின்னத் தோன்றும். வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், அது கெட்ட பழக்கமல்ல, பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் ரத்தசோகை.

கீரை மட்டும் தின்று இதைச் சரிக்கட்ட முடியுமா? முடியாது. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 100 கிராம் சார்ட்டில் இருப்பது 1.8. அதிலும் கீரையில் உள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் ஒட்டும். சார்ட், பாலக்கீரை இரண்டிலும் ஆக்ஸாலிக் என்கிற ஒரு புளிப்புப் பொருள் நிறைய உண்டு. நெத்திலியையோ கோழி ஈரலையோ, ஒரு முட்டையையோ சேர்த்துக்கொண்டால் நல்லது. சைவர்கள் பருப்போடு கூட்டாக வைத்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். தேத்தண்ணீர் அதைத் தடுக்கும். சாப்பிட்ட கையோடு தே-ஓ குடிப்பது நம்மிடம் வேரூன்றிய பழக்கம். விடச் சொல்லவில்லை, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கிளினிக்கில் கொடுக்கிற இரும்பு மாத்திரையையும் பாலோடும் தேநீரோடும் விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும்.

இன்னொரு விஷயம். ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவல்ல. கொக்கிப்புழு, அதிகப்படியான மாதவிலக்கு, மூலத்தில் ரத்தம் போவது, பரம்பரையாக வருகிற தாலசீமியா என்று பல காரணம் உண்டு. தாலசீமியா உள்ளவர் கண்டபடி இரும்பு மாத்திரை சாப்பிடக் கூடாது. ஆகவே தாங்களாகக் கடையில் வாங்காமல் அரசாங்க சுகாதார கிளினிக்கிலோ தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியிலோ ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

சார்ட் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்ளுமா என்றால் மூன்று பேருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதைக் குறைத்துக்கொண்டு, சாப்பிடும்போது கொதிநீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், பொட்டாசியம் ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற இருதய நோயாளிகள் ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்பதும் மறுவாரம் ஒன்றுமே தின்னாததும் ஆபத்து. இந்தக் கீரைகளில் வைட்டமின் கே மிக அதிகம், அது அந்த மாத்திரையோடு மல்லுக்கு நிற்கும். கடற்கரைச் செடி என்றேனே, அதனால் சார்ட்டின் இலையில் இயல்பாகவே கொஞ்சம் உப்பு இருக்கிறது. ரத்த அழுத்தக்காரர்கள் சமையலில் உப்பைக் குறைத்துப் போட்டாலும் ருசி கெடாது.

லாவண்டரைப் பற்றிப் பேசினால் விவகாரம் வேறு மாதிரி. அது உணவல்ல. பூவைக் காயவைத்துத் துணிமணிக்குள் வைப்பது, சோப்பில் சேர்ப்பது, ஆவியில் வடித்து எண்ணெய் எடுப்பது, இவைதான் அதன் பிரயோசனம். லத்தீன் மொழியில் 'கழுவுதல்' என்ற சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது என்பார்கள். ஏற்ற சீதோஷ்ணம் உள்ள இடத்தில் அது குடியானவனுக்குச் சோறு போடுகிற பயிர். இந்தியாவில் ஜம்முவில் பதேர்வா என்ற மலைப் பிரதேசத்தில், 2016ல் அரசாங்கம் தொடங்கிய வாசனைப் பயிர்த் திட்டத்தின் கீழ், மக்காச்சோளம் போட்டுக் கஷ்டப்பட்ட விவசாயிகள் பலர் லாவண்டருக்கு மாறி எண்ணெய் வடித்து நல்ல வருமானம் பார்க்கிறார்கள். அங்கே குளிர் உண்டு, சரிவு உண்டு, கன்று கொடுத்து எண்ணெய் வடிக்கக் கற்றுக்கொடுக்க ஆராய்ச்சி நிலையமும் உண்டு. யாராவது நம்மிடம் வந்து "கடலோரத்துல லாவண்டர் போடுங்க, எண்ணெயை நாங்க வாங்கிக்கிறோம், கன்றுக்கு மட்டும் பணம் கட்டுங்க" என்றால் கையிலுள்ள காசைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதன் வாசனை மனசை அமைதிப்படுத்தும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. படபடப்புக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. தலையணை உறையில் ஒரு சிட்டிகைக் காய்ந்த பூவை வைத்துக்கொண்டு தூங்குவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் மாதக்கணக்கில் தூக்கம் வராதவருக்கு, அழுகை முட்டுகிறவருக்கு, "வாழ்ந்து என்ன" என்று பேசுகிறவருக்குப் பூ போதாது. டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்தச் சிறு குப்பி எண்ணெய் இருக்கிறதே, அதைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குடித்துவிட்டால் குழந்தை மயங்கிச் சரியும், மூச்சுக்குழலில் போனால் இன்னும் மோசம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். எண்ணெயை அப்படியே தோலில் தேய்ப்பதும் கூடாது, கொப்புளம் போடும்.

கொசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் உயிர் இருக்கிறது. சட்டியில் நிற்கிற லாவண்டர் செடி கொசுவை விரட்டாது. எண்ணெய் செடியின் உள்ளே இருக்கிறது. கசக்கினால்தான் வெளியே வரும், அதுவும் சிறிது நேரத்துக்கு. கொசு விரட்டும் என்று நம்பி வாசலில் நாலு சட்டி வைத்து, அடியில் தட்டு வைத்து, தட்டில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும்? டிங்கியைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீர் ஒரு தட்டுப் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், மறுபடி நனைந்தால் பொரிக்கும். ஆகவே வாரம் ஒரு தடவை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதைவிட நல்லது தட்டே வைக்காமல் இருப்பது. தட்டில் தேங்கும் தண்ணீரால் அழுகிச் சாகிற செடியல்லவா லாவண்டர்? இந்த ஒரு விஷயத்தில் செடிக்கும் நமக்கும் ஒரே தேவை. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கண்டால் 500 வெள்ளி வரை அபராதம் போட முடியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பூச்செடி வாங்கிய காசுக்கு மேல் அது.

காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், அதோடு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால், காய்ச்சல் இறங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அதுவரை ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வகை மாத்திரை வேண்டாம்.

இரண்டு செடிக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கையும் உண்டு. தண்ணீர் ஊற்ற எதை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்துத் தோம்பு நல்ல கெட்டியான பிளாஸ்டிக், பிடியும் இருக்கிறது, கழுவினால் போச்சு என்று வீட்டுக்குக் கொண்டுவந்து வாளியாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பழைய தோம்பு ஏதாவது கொட்டகை மூலையில் கிடக்கலாம். அந்த மருந்தில் ஒரு வாய் உள்ளே போனாலே ஆளைக் கொன்றுவிடும், முறிப்பதற்கு மருந்து கிடையாது. இப்போது அடிக்கிற மற்ற மருந்துகளும் குடிதண்ணீர் அல்ல. காலித் தோம்பை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்துக் கலவையிலேயே ஊற்றி, தோம்பில் ஓட்டை போட்டு நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஓட்டை போட்டால்தான் யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போகமாட்டார்கள்.

கீரைப் பாத்தியை மருந்து அடிக்கிற பனைவரிசைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். காற்று அந்தத் தூவலைக் கொண்டுவரும். வழி ஓரத்தில் தானாக முளைத்த கீரையை வேலை முடிந்து வரும்போது பறித்து வருகிற தாய்மார்களே, அந்த வரிசையில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று மண்டோரைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மருந்து அடித்த சட்டையோடு பாத்தியில் இறங்குவதும் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கூட்டாகத் தோட்டம் போட விரும்புகிறவர்கள் நமது சங்கக் கிளைச் செயலாளர் மூலம் நிர்வாகத்திடம் நல்ல இடமாகக் கேட்டுப் பெறலாம். மருந்துக் கொட்டகைக்கும் சாக்கடைக்கும் தள்ளி இருக்கட்டும். மண் கிளறும்போது காலில் பூட்ஸ் இருக்கட்டும், எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சல் காலிலுள்ள சிறு காயம் வழியாகவும் நுழைகிறது.

"சரி ஐயா, வாசனைக்கு ஒண்ணுமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். கற்பூரவல்லி இருக்கிறதே! ஒரு கிளையை ஒடித்து மண்ணில் குத்தினால் ஒரு மாதத்தில் புதர். லாவண்டரின் குடும்பம், ஆனால் நம் சூட்டுக்குப் பழகியது. சட்டியில், பாதி வெயிலில், மண் காய்ந்த பிறகு தண்ணீர், அவ்வளவுதான். சளிக்கு அதன் இலைச்சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் பாட்டிமார் முறை. தொண்டைக்கு இதமாக இருக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள கிருமி குழந்தையின் கை கால்களைத் துவளச் செய்துவிடும். கைக்குழந்தையின் மூக்கில் சூடம் வைத்துத் தேய்ப்பதையும் நிறுத்துங்கள், வலிப்பு வரும். பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கற்பூரவல்லியைத் தள்ளி வைத்துவிட்டுச் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள். காசநோய் இன்னும் நம்மை விட்டுப் போய்விடவில்லை.

ஏற்கெனவே லாவண்டர் சட்டி வாங்கி வந்தவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். சட்டியின் அடி ஓட்டை பெரிதாக இருக்கட்டும். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கெட்டி மணலும் பொடிக்கல்லும் கலந்து மாற்றி நடுங்கள், எரு வேண்டாம். மழை நேராக விழாத, ஆனால் காலை வெயிலும் காற்றும் படுகிற ஐந்தடி வராந்தாவின் விளிம்பு அதற்குச் சரியான இடம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். பல்போன்ற விளிம்புள்ள இலை கொண்ட வகை மற்றதைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கும். அடுத்த பூ வருமா என்பது சந்தேகம்தான். ஆகையால் இப்போது இருக்கிற பூவை முழுக்க விரியும் முன்பே, காலைப் பனி காய்ந்ததும் காம்போடு வெட்டி, கட்டித் தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். இரண்டு வாரத்தில் காய்ந்ததும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுத் தீபாவளிச் சேலைக்கு நடுவில் வைத்துவிடலாம்.